எண்ட்பாயிண்ட் ஸ்டால் ஆனால் டீபக் டிரைவர் என்ன செய்ய வேண்டும்? நான்கு வழிகளும் என் தேர்வும்

பாதி வரியில் லாக் நின்றது. கேபிள் இறுக்கமாகத்தான் இருந்தது. சோதனை இயந்திரமும் உயிரோடு இருந்தது. விசைப்பலகையைத் தட்டினால் பதில் வந்தது. சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, லாக் பார்க்கும் இயந்திரத்தில் டெர்மினலை மூடித் திறந்தேன். லாக் மீண்டும் ஓடியது. அப்பாடா என்று ஒரு கட்டளையைத் தட்டினேன். எதுவும் நடக்கவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று தட்டிக்கொண்டே போனதில், சோதனை இயந்திரம் எனக்குக் கீழ்ப்படியத் தொடங்கியது. ஆனால் நான் இப்போது கொடுத்த கட்டளைக்கு அல்ல, பதினைந்து கட்டளைகளுக்கு முன்னால் கொடுத்ததற்கு. அதுவும் முழுதாக அல்ல: எழுத்துகள் பழைய கட்டளையினுடையவை, நீளம் புதிய கட்டளையினுடையது. நான்கு எழுத்துக் கட்டளையைத் தட்டினால் பழைய நீண்ட கட்டளையின் முதல் நான்கு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன.

பேய் பிடித்ததுபோல் தோன்றும் இந்த நடத்தைக்குக் காரணம் மிகச் சாதாரணமானது. என் டிரைவர் ஸ்டாலைத் தவறாகக் கையாண்டது. ஸ்டால் என்பது யுஎஸ்பியில் தரவு போகும் ஒரு வாசல், அதாவது எண்ட்பாயிண்ட், 'இனி நகர மாட்டேன்' என்று நின்றுவிடுவது. ஒரே சம்பவத்தில் இரண்டு வகை ஸ்டால்களைப் பார்த்து, இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டது. அதைத் திருத்த உட்கார்ந்தபோதுதான், ஸ்டாலுக்கு என்ன மருந்து என்பதில் குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன, அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது சுவையைப் பொறுத்த விஷயமில்லை என்பது புரிந்தது.

முதலில் களத்தை வரைந்துகொள்வோம். நான் பேசுவது யுஎஸ்பி 3 போர்ட்டுகளை இயக்கும் எக்ஸ்எச்சிஐ கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் டீபக் வசதியைப் பற்றி. சுருக்கமாக டிபிசி. யுஎஸ்பி 3 போர்ட்டுகள் இரண்டை ஒரு டீபக் கேபிளால் இணைத்தால், சோதிக்கப்படும் இயந்திரம் மறுமுனைக்கு, அதாவது லாக் பார்க்கும் ஹோஸ்டுக்கு, ஒரு யுஎஸ்பி சாதனம்போலத் தோன்றும். அந்தச் சாதனத்துக்குத் தரவுக்கென்று இரண்டே பல்க் எண்ட்பாயிண்ட்டுகள்: ஒன்று வழியாக லாக் வெளியே போகிறது, மற்றொன்று வழியாகக் கட்டளை உள்ளே வருகிறது. யுஎஸ்பி எப்போதும் ஹோஸ்டின் கண்ணால்தான் திசைகளுக்குப் பெயர் வைக்கும் என்பதால் லாக் போகும் பாதைக்கு 'இன்' என்று பெயர், கட்டளை வரும் பாதைக்கு 'அவுட்' என்று பெயர். இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு தலைசுற்றாமல் யோசிக்க எனக்கு வரவில்லை. ஆகவே லாக் பாதை, கட்டளைப் பாதை என்றே எழுதுகிறேன்.

இங்கே கவனிக்க வேண்டியது பாத்திர மாற்றம். வழக்கமாகக் கெர்னல் டிரைவர் எழுதுபவர் ஹோஸ்ட் பக்கம் இருப்பார். சாதனம் ஸ்டால் என்று பதில் சொன்னால், அவருடைய கோரிக்கை மைனஸ் 32 என்ற பிழையோடு திரும்பி வரும். அவர் நிறுத்தத்தை நீக்கும் கட்டளையை அனுப்புவார். கிளியர் ஃபீச்சர் என்னும் கட்டளையின் எண்ட்பாயிண்ட் ஹால்ட் வடிவம் அது. சாதனம் நிறுத்தத்தை விலக்கி, பாக்கெட் வரிசை எண்ணை மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். கதை முடிந்தது. டிபிசியில் நாம்தான் சாதனம். நிறுத்தத்தை நீக்கும் உரிமை நம்மிடம் இல்லை. கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறுத்தக் குறி இருக்கிறது. பிட் 2 கட்டளைப் பாதைக்கு, பிட் 3 லாக் பாதைக்கு. அந்தப் பிட்டை 1 ஆக்கி எண்ட்பாயிண்ட்டை நாமே நிறுத்தலாம். ஆனால் 0 ஆக்க முடியாது. ஹோஸ்ட் அந்தக் கட்டளையை அனுப்பும்போதுதான் அது இறங்கும்.

எக்ஸ்எச்சிஐ தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள்: ரீசெட் எண்ட்பாயிண்ட் கட்டளை இருக்கிறதே, அதற்குப் பின் டீக்யூ சுட்டியை (வன்பொருள் அடுத்து எங்கிருந்து படிக்கும் என்ற குறியை) நகர்த்தும் கட்டளை இருக்கிறதே, அவை எதற்கு? சாதாரண ஹோஸ்ட் வேலையில் அவைதான் வழி. டிபிசிக்குக் கட்டளை வளையமே, அதாவது கன்ட்ரோலருக்கு இப்படிக் கட்டளையிடும் வரிசையே, கிடையாது. ஒரு நிகழ்வு வளையம், இரண்டு பரிமாற்ற வளையங்கள், வேலை வந்திருக்கிறது என்று வன்பொருளுக்குச் சொல்லும் ஒரு டோர்பெல், சில ரிஜிஸ்டர்கள், அவ்வளவுதான் கையிருப்பு. ஹோஸ்ட் டிரைவரில் பழகிய கையை அப்படியே இங்கே கொண்டுவந்தால், இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருப்போம். இந்த வறுமைதான் மேற்கொண்டு சொல்லப்போகும் எல்லா வழிகளின் எல்லையையும் தீர்மானிக்கிறது.

முதல் வழி: அத்தனையையும் கொட்டிவிடுவது

ஸ்டால் தெரிந்ததும் அந்தப் பாதையில் வரிசையில் நிற்கும் கோரிக்கைகள் எல்லாவற்றையும் பிழையோடு திருப்பித் தந்துவிட்டு, டிரைவர் முழுவதையும் 'ஸ்டால் ஆகியிருக்கிறது' என்ற நிலைக்குத் தள்ளி, குறிகள் இறங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. எழுத எளிது. படிக்க எளிது. புதிதாக டிரைவர் எழுதுபவர்களின் கை தானாக இங்கேதான் போகும். என் முதல் வடிவத்திலும் கிட்டத்தட்ட இதுதான் இருந்தது.

லினக்ஸின் டிபிசி டிரைவர் 2018இல் 4.16 வெளியீட்டில் சேர்ந்தபோது இதே வழியைத்தான் பின்பற்றியது. 2024இல்தான் அது மாற்றப்பட்டது. மாற்றியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: டிபிசியின் போர்ட் நிலைகளை விவரிக்கும் எக்ஸ்எச்சிஐ விவரக்குறிப்பில் 'ஸ்டால்' என்று ஒரு நிலையே கிடையாது. எண்ட்பாயிண்ட் நின்றாலும் சாதனம் 'அமைக்கப்பட்டது' என்ற நிலையில்தான் இருக்கிறது. அந்த நிலை டிரைவர் எழுதியவர்களின் கண்டுபிடிப்பு. விவரக்குறிப்பில் இல்லாத ஒரு நிலையை டிரைவரில் வைத்துக்கொண்டால், வன்பொருள் ஒரு கதையிலும் டிரைவர் வேறொரு கதையிலும் வாழும்.

சேதத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். லினக்ஸ் டிரைவரின் டிடிஒய் (டெர்மினல்) முகம் ஒவ்வொரு திசைக்கும் 16 கோரிக்கைகளை வைத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 1024 பைட் பஃபர். லாக் பாதை நெரிசலாக இருக்கும் நேரத்தில் கொட்டினால் 16 கிலோபைட் வரை லாக் காணாமல் போகும். எந்த நேரத்தில்? ஏதோ தவறு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில். டீபக் வழித்தடம் இருப்பதே அந்தப் பதினாறு கிலோபைட்டுக்காகத்தான். இன்னொன்று, நிலை என்பது சாதனம் முழுவதற்கும் ஒன்றாக இருந்தால், லாக் பாதை நின்றதற்காகக் கட்டளைப் பாதையும் வாயை மூடிக்கொள்ளும். ஒரு காலில் முள் குத்தியதற்கு இரண்டு காலையும் கட்டிப்போடுவதுபோல.

இந்த வழி முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். கேபிள் பிடுங்கப்பட்டால், சாதனம் மறுபடி அறிமுகமாக வேண்டியிருந்தால், கொட்டுவதுதான் சரி. அங்கே அந்தக் கோரிக்கைகளுக்கு எதிர்காலமே இல்லை. ஸ்டாலில் அவற்றுக்கு எதிர்காலம் இருக்கிறது. ஹோஸ்ட் ஒரு கட்டளை அனுப்பினால் போதும், வளையம் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

இரண்டாம் வழி: நின்ற ஒன்றை மட்டும் விலக்குவது

'விட்ட இடத்திலிருந்து' என்று சொன்னேன் அல்லவா, சிக்கல் முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள் இருக்கிறது. எது விட்ட இடம்?

பரிமாற்ற வளையம் என்பது 16 பைட் அளவுள்ள டிஆர்பிகளின், அதாவது பரிமாற்றக் கோரிக்கைக் குறிப்புகளின், வரிசை. ஒவ்வொரு டிஆர்பியும் ஒரு பஃபரைச் சுட்டுகிறது. எண்ட்பாயிண்ட் நிற்கும்போது வன்பொருள் தான் நின்ற இடத்தை எண்ட்பாயிண்ட் கான்டெக்ஸ்டில் (அந்தப் பாதையின் நிலைக்குறிப்பில்) டீக்யூ சுட்டியாக எழுதி வைக்கிறது. நிறுத்தம் நீங்கியதும் அங்கிருந்தே தொடங்கும். ஸ்டால் நிகழ்வு வந்த டிஆர்பியும் டீக்யூ சுட்டி காட்டும் டிஆர்பியும் ஒன்றாகவே இருக்கலாம். அப்படி இருந்து, நாம் அந்தக் கோரிக்கையை 'முடிந்தது' என்று மேலே கொடுத்துவிட்டால், பஃபர் நம் கையைவிட்டுப் போய்விட்டது, ஆனால் வன்பொருள் அதையே மறுபடி பயன்படுத்தப் போகிறது. விற்ற வீட்டின் சாவியைப் பழைய குடித்தனக்காரரிடமே விட்டுவைத்த கதை.

ஆகவே கோரிக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் டிஆர்பியை வளையத்திலேயே வெறும் இடமாக, நோ-ஆப்பாக, மாற்ற வேண்டும். வன்பொருள் அங்கு வந்தால் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாண்டிப் போகும். லினக்ஸ் 2024இல் எடுத்துக்கொண்ட வழியின் ஒரு பாதி இது.

மாற்றம் எப்படி இருக்கும் என்று அருகில் போய்ப் பார்க்கலாம். டிஆர்பியின் 16 பைட்டில் நான்கு சொற்கள், ஒவ்வொன்றும் 32 பிட். முதல் மூன்றும் பஃபர் முகவரி, நீளம் முதலியவை, அவற்றைச் சுழியமாக்கலாம். நான்காவது சொல்லில் டிஆர்பியின் வகை பிட் 10இல் தொடங்குகிறது, முடிந்ததும் அறிவி என்ற கோரிக்கை பிட் 5இல், இந்தச் சுற்றில் டிரைவர் எழுதியதுதானா என்று காட்டும் சுழற்சி பிட் கடைசியில், அதாவது பிட் 0இல். சாதாரணப் பரிமாற்றத்தின் வகை எண் 1. ஆகவே சுழற்சி பிட் 1 ஆக இருக்கும் சுற்றில் அந்தச் சொல்லின் மதிப்பு 1024, 32, 1 ஆகியவற்றின் கூட்டல்: 1057. நோ-ஆப்பின் வகை எண் 8. மாற்றிய பின் மதிப்பு 8193 ஆக வேண்டும். 8192 அல்ல. 8225உம் அல்ல.

அந்த ஒரு எண் வித்தியாசத்தில் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். 8192 என்று எழுதினால் சுழற்சி பிட் 0 ஆகிவிடும். வன்பொருள் அந்த இடத்துக்கு வந்ததும் 'இதற்கு மேல் டிரைவர் எதுவும் எழுதவில்லை போலிருக்கிறது' என்று நினைத்து அமைதியாகக் காத்திருக்கும். பிழை இல்லை, நிகழ்வு இல்லை, நிறுத்தக் குறியும் இல்லை. ஹோஸ்ட் தன் பங்குக்கு எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கும். டோர்பெல்லை எத்தனை முறை அடித்தாலும் பயனில்லை. 8225 என்று எழுதினால் அதற்கு எதிர்ப்பக்கம்: நோ-ஆப் முடிந்ததற்கும் ஒரு நிகழ்வு வரும், அதற்குரிய கோரிக்கையை நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், டிரைவர் ஆளில்லாத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். முகவரியை வைத்துக் கோரிக்கையைத் தேடும் டிரைவர் என்றால் ஓர் எச்சரிக்கை அச்சிட்டுவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். வரிசையின் தலையை எடுத்துக் கொடுக்கும் டிரைவர் என்றால் வேறொருவருக்கு அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடும்.

இந்த வழியின் விலை என்ன? ஸ்டாலுக்கு முன் சில பைட்டுகள் போயிருந்தால் மிச்சம் அந்தக் கோரிக்கையோடு போய்விடும். அதாவது லாக்கில் ஒரு வரி நடுவில் வெட்டுப்படலாம். பதினாறு கிலோபைட்டோடு ஒப்பிட்டால் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஆனால் வெட்டுப்பட்டது தெரிய வேண்டும். வெட்டுப்பட்ட வரி அடுத்த வரியோடு ஒட்டிக்கொண்டு ஒரே வரிபோல் வந்தால், அதைப் படிப்பவர் இல்லாத பிழையை மணிக்கணக்கில் துரத்துவார். என் டிரைவரில் இப்படி ஒன்று நடந்தால், அடுத்த கோரிக்கையின் தொடக்கத்தில் ஒரு புதுவரியும் விடுபட்ட பைட்டுகளின் எண்ணிக்கையும் போகின்றன.

நிறுத்தக் குறியைப் பாதைவாரியாக வைத்துக்கொள்வது இந்த வழியோடு சேர்ந்தே வருகிறது. லாக் பாதைக்கு ஒரு கொடி, கட்டளைப் பாதைக்கு ஒரு கொடி. ஹோஸ்ட் நிறுத்தத்தை நீக்கினால் அதற்கென்று நிகழ்வு எதுவும் வளையத்தில் வராது; கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரை அவ்வப்போது படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கொடி ஏறியிருந்து, பிட் இறங்கியிருந்தால், கொடியை இறக்கி, வரிசையில் ஏதாவது காத்திருந்தால் டோர்பெல்லை ஒருமுறை அடிக்க வேண்டும். அந்த ஓர் அடியை மறந்தால், அடுத்த லாக் வரி எழுதப்படும் வரை பழையவை உறங்கிக்கொண்டிருக்கும். கெர்னல் கடைசியாகச் சொன்ன வரி அதில் இருந்தால் அடுத்த வரி என்று ஒன்று வரப்போவதே இல்லை.

மூன்றாம் வழி: ஒன்றும் நடக்காததுபோல் இருப்பது

கேட்கவே அலட்சியமாகத் தோன்றும் இந்த வழிதான் என் பேய்க்கதைக்கு விடை.

டெர்மினலை நான் மூடித் திறந்தபோது, ஹோஸ்ட் பக்க நிரல் இரண்டு எண்ட்பாயிண்ட்டுகளுக்கும் நிறுத்தத்தை நீக்கும் கட்டளையை அனுப்பியது. இதில் தவறில்லை. திறக்கும்போதே பாக்கெட் வரிசை எண்களைச் சுத்தமாகத் தொடங்கிவிடலாம் என்று பல நிரல்கள் முன்னெச்சரிக்கையாக இப்படிச் செய்கின்றன. லாக் பாதை உண்மையாகவே நின்றிருந்தது. அதற்கு மருந்து கிடைத்தது. கட்டளைப் பாதை நிற்கவே இல்லை. நன்றாக இருந்தவருக்கும் மருந்து போய்விட்டது. டிபிசி வன்பொருள் சில சமயம் இதற்கு எதிர்வினையாக, பரிமாற்றம் எதுவும் நடக்காத நிலையிலும், முடிவுக் குறியீடு 6 கொண்ட ஸ்டால் நிகழ்வு ஒன்றை அனுப்பிவிடுகிறது. பொய் ஸ்டால். 2024இல் லினக்ஸில் நடந்த திருத்தத்தின் மற்றொரு பாதி இதைப் பற்றியதுதான்.

என் டிரைவர் என்ன செய்தது? கட்டளைப் பாதையில் காத்திருந்த முதல் கோரிக்கையை, சுழியம் பைட் வந்ததாகச் சொல்லி, மேலே கொடுத்தது. மேல் அடுக்கு அதைக் காலி என்று பார்த்துவிட்டு வரிசையின் கடைசியில் மறுபடி சேர்த்தது. வன்பொருளோ அதே முதல் டிஆர்பியில்தான் நின்றிருந்தது. அடுத்து நான் தட்டிய கட்டளை முதல் பஃபரில் விழுந்தது. டிரைவர் தன் வரிசையின் தலையில் இருந்த இரண்டாவது பஃபரை எடுத்துக் கொடுத்தது. அதில் பழைய சுற்றின் எச்சம் இருந்தது. எத்தனை பைட் என்ற கணக்கு மட்டும் புதிய நிகழ்விலிருந்து வந்தது. வரிசையில் 16 பஃபர்கள் இருந்ததால், ஒவ்வொரு முறையும் கையில் கிடைத்தது 15 கட்டளைகளுக்கு முன் நிரம்பிய பஃபர். ஓரடி தவறியவன் அதற்குப் பின் எவ்வளவு சரியாக நடந்தாலும் ஓரடி தவறியே நடப்பான்.

அப்படியானால் பொய் ஸ்டாலைக் கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு கேள்விகள். நிகழ்வு சொல்லும் மிச்ச நீளம், கேட்ட நீளத்துக்குச் சமமா, அதாவது ஒரு பைட்கூட நகரவில்லையா? எண்ட்பாயிண்ட் கான்டெக்ஸ்டின் டீக்யூ சுட்டி அதே டிஆர்பியில் நிற்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்தக் கோரிக்கையைத் தொடாதே. திருப்பிக் கொடுக்காதே, நோ-ஆப் ஆக்காதே. இருந்த இடத்தில் இருக்கட்டும்.

வளையம் 4096 என்ற முகவரியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டிஆர்பிகள் 4096, 4112, 4128 என்று வரும். நிகழ்வு 4112ஐக் காட்டுகிறது, 1024இல் 1024 மிச்சம் என்கிறது. கான்டெக்ஸ்டைப் படித்தால் 4112 இருக்கும் என்று எதிர்பார்ப்போம்; பாதி நேரம் 4113 இருக்கும். டீக்யூ சுட்டியின் கடைசி பிட் முகவரியின் பகுதி அல்ல, சுழற்சி நிலை. அதை மறைக்காமல் ஒப்பிட்டால் ஒரு சுற்றில் சோதனை சரியாக வேலை செய்யும், அடுத்த சுற்றில் செய்யாது, அதற்கடுத்த சுற்றில் மறுபடி செய்யும். இதுபோன்ற பிழை சோதனை மேசையில் சிக்காது. வெளியே போன பிறகுதான் தலைகாட்டும். இன்னொரு எச்சரிக்கை: எண்ட்பாயிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கான்டெக்ஸ்டில் இருக்கும் டீக்யூ சுட்டியை நம்பக் கூடாது. நின்ற பிறகே அதற்கு மதிப்பு.

உண்மையான ஸ்டாலிலும் ஒரு பைட்கூட நகராமல் இருக்கலாமே, அப்போது இந்தச் சோதனை ஏமாறாதா? ஏமாறும். ஆனால் ஏமாறும் திசை நமக்குச் சாதகமானது. உண்மை ஸ்டாலைப் பொய் என்று எடுத்துக்கொண்டு கோரிக்கையை வைத்துக்கொண்டால், ஹோஸ்ட் நிறுத்தத்தை நீக்கியதும் வன்பொருள் அதே டிஆர்பியை முதலிலிருந்து அனுப்பும். ஒரு பைட்டும் போகவில்லை என்பதால் எதுவும் இரட்டிப்பாகாது. நட்டம் இல்லை, கொஞ்சம் தாமதம் மட்டும். மறுதிசையில் ஏமாந்தால் என்ன நடக்கும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

நான்காம் வழி: சாதனத்தையே அணைத்துப் போடுவது

கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரின் 31ஆம் பிட் டிபிசியை இயக்கும் பிட். அதை இறக்கி, வளையங்களைப் புதிதாக அமைத்து, மறுபடி ஏற்றினால் ஹோஸ்டுக்குச் சாதனம் பிடுங்கிச் சொருகப்பட்டதுபோல் தெரியும். எல்லாம் புதிதாகத் தொடங்கும். சந்தேகத்துக்கே இடமில்லாத மருந்து.

இதைத் தானியங்கியாக வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஹோஸ்டில் ஒரு நிரல் சாதனம் தோன்றியவுடன் அதைத் திறக்கிறது என்று வையுங்கள். திறக்கும்போது நிறுத்தத்தை நீக்கும் கட்டளை போகிறது. பொய் ஸ்டால் எழுகிறது. டிரைவர் சாதனத்தை அணைத்துப் போடுகிறது. சாதனம் மறைந்து மறுபடி தோன்றுகிறது. நிரல் அதைத் திறக்கிறது. இந்தச் சக்கரம் யாராவது கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றும். மருந்தே நோயை உண்டாக்கும் இடத்தில் அந்த மருந்தை மனிதக் கைக்குத்தான் விட வேண்டும். லினக்ஸில் அதற்கென்று சிஸ்எஃப்எஸ் கோப்பு ஒன்று இருக்கிறது. அணை, இயக்கு என்று எழுதினால் போதும். அது அங்கேயே இருக்கட்டும்.

காத்திருப்பதன் சங்கடம்

இரண்டாம், மூன்றாம் வழிகளைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. ஹோஸ்ட் அந்தக் கட்டளையை அனுப்பவே இல்லை என்றால்?

ஹோஸ்ட் டிரைவர் எழுதுபவருக்கும் இதில் ஒரு தடங்கல் உண்டு. மைனஸ் 32 பிழை அவருக்கு வந்து சேரும் இடம் பரிமாற்றம் முடிந்ததும் அழைக்கப்படும் சார்பு. அங்கே தூங்கக் கூடாது. நிறுத்தத்தை நீக்குவதோ ஒரு கன்ட்ரோல் பரிமாற்றம், அதன் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு கொடியை ஏற்றிவிட்டு, வேலையைப் பின்வரிசைக்குத் தள்ளி, அங்கிருந்து அனுப்ப வேண்டும். விசைப்பலகை, மோடம், நெட்வொர்க் சாதனங்களுக்கான லினக்ஸ் டிரைவர்கள் இப்படித்தான் செய்கின்றன. எளிய தொடர் போர்ட் டிரைவர்களில் சில, ஒரு பிழைச் செய்தியை அச்சிட்டுவிட்டு அந்தப் படிப்பை அப்படியே நிறுத்திவிடும். டீபக் கேபிளின் மறுமுனையில் பெரும்பாலும் இருப்பது இந்தக் கடைசி வகைதான் என்பது இந்தத் துறையின் சிறு வேடிக்கை.

இந்த நிலையில் சோதனை இயந்திரம் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: லாக் எழுத வந்தவரை நிறுத்திவைப்பது. நின்றுபோன கேபிளுக்காகக் கெர்னல் காத்திருந்தால், டீபக் செய்ய வந்த கருவியே பிழையாகிவிடும். வரிசை நிரம்பட்டும், நிரம்பிய பின் வருவதைக் கைவிட்டு எண்ணிக்கொள்ளட்டும், பாதை திறந்ததும் முதலில் அந்த எண்ணிக்கை போகட்டும். பழையதை எறிந்து புதியதை வைப்பதா, புதியதை எறிந்து பழையதை வைப்பதா என்பதில் எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. பழையதை வைப்பதே சரி என்று இப்போது நினைக்கிறேன். வளையத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட டிஆர்பிகளை மாற்றுவது மேலே சொன்ன எல்லா ஆபத்துகளையும் மறுபடி அழைத்துவரும். புதியவை எப்படியும் கெர்னலின் சொந்த லாக் பஃபரில் இருக்கின்றன.

கெர்னல் விழிக்கும் முன்னரே அச்சிட வேண்டிய தொடக்கநிலை டீபக் டிரைவருக்கு மேலே சொன்ன எதுவும் முழுதாகப் பொருந்தாது. அங்கே பின்வரிசை வேலை இல்லை, இன்டரப்ட் இல்லை, ரிஜிஸ்டரைச் சுற்றிச் சுற்றிப் படிப்பது மட்டும்தான். ஒரு பாதைக்கு ஒரு கொடி வைத்து, கொடி ஏறியிருந்தால் பிழையைத் திருப்பிவிட்டு நகர்வதே அங்கே போதுமான புத்திசாலித்தனம். லினக்ஸின் தொடக்கநிலை டிபிசி டிரைவரும் அவ்வளவே செய்கிறது. யுஎஸ்பி 2 காலத்து இஎச்சிஐ டீபக் போர்ட்டில் ஒரு முறைக்கு 8 பைட்தான் போகும், வரிசை என்ற ஒன்றே இல்லை. யாருடைய பஃபர் என்ற குழப்பம் எழ அங்கே இடமே இல்லை. வேகத்தோடு வந்து சேர்ந்த வினை இது.

எப்படிச் சோதித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லாக் பாதையில் எண்ணிட்ட வரிகளை இடைவிடாமல் அனுப்பினேன். கட்டளைப் பாதையில், ஒவ்வொன்றும் வேறு நீளமுள்ள எண்ணிட்ட கட்டளைகளை அனுப்பி, வந்ததை அப்படியே எதிரொலிக்கச் செய்தேன். ஹோஸ்டில் ஒரு சிறு நிரல் தாறுமாறான இடைவெளிகளில் இரண்டு எண்ட்பாயிண்ட்டுகளுக்கும் நிறுத்தத்தை நீக்கும் கட்டளையை அனுப்பிக்கொண்டிருந்தது. உண்மை ஸ்டால் வேண்டும்போது சோதனை இயந்திரத்திலிருந்தே நிறுத்தப் பிட்டை ஏற்றினேன். நீளங்களை வேறுபடுத்தியது முக்கியம்: எல்லாக் கட்டளைகளும் ஒரே நீளமாக இருந்தால் பழைய பஃபரின் எச்சம் முழுமையான, நம்பத்தகுந்த கட்டளையாகத் தோன்றும். வளையம் ஒரு முழுச் சுற்று முடித்து அடுத்த சுற்றில் பாதி தாண்டும் வரை ஓட்டாமல் எந்த முடிவையும் நம்பவில்லை.

என் டிரைவரில் இப்போது ஸ்டால் வந்தால் ஒரே ஒரு வரி அச்சாகிறது. எந்தப் பாதை, நிகழ்வு காட்டிய முகவரி, மிச்ச நீளம், டீக்யூ சுட்டி. கடைசி எண்ணைப் பிட்டை மறைக்காமல் அப்படியே அச்சிடுகிறேன். 4113 என்று பார்த்தால் எந்தச் சுற்றில் நின்றது என்பதும் தெரிந்துவிடுகிறது.